நீ முடித்துவைத்த என் வாக்கியம்

கண்ணு,

உனக்குப் பேசி முடித்திருக்கும் கயலை நான் தனியே போய்ப் பார்த்தேன் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதற்குப் பதில் இது. அன்றைக்கே சொல்லத்தான் பார்த்தேன். "நான் கயலப் பாக்க எதுக்குப் போனேன்னா..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்க நிறுத்தினேன். அதற்குள் நீ புகுந்துவிட்டாய். "தெரியும்மா, உனக்கு அவள ஆரம்பத்துல இருந்தே புடிக்கல" என்றாய். "இல்ல கண்ணு, அந்தப் புள்ள..." என்று மறுபடி எடுத்தேன். அதையும் நீயே முடித்தாய். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. போனைச் செல்வி கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். நம் சாப்பாட்டுக் கடையில் இத்தனை வருஷம் என்னோடு மாவு பிசைந்தவள், பாவம், உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் "அக்கா பாத்ரூம் போயிருக்காங்க" என்று பொய் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நான் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். குறுக்கே வர உன்னால் முடியாது. எனக்கு இப்போது எரிச்சல்தான் அதிகம், பாசம் அதற்கு அடுத்துத்தான். அந்த வரிசையிலேயே படி.

பேச்சு என்பது வெளியே போகும் மூச்சின்மேல் ஏறிப் போகிற சமாசாரம். உள்ளே இழுக்கும்போது யாராலும் சரியாகப் பேச முடியாது, முயன்று பார். நெஞ்சிலிருந்து மேலே வரும் காற்று குரல்வளையில் இருக்கும் இரண்டு சின்ன மடிப்புகளை அதிர வைக்கிறது. அந்த அதிர்வை நாக்கும் உதடும் சொல்லாக்குகின்றன. உனக்கு ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் முழுதாக வந்துவிடுகிறது, அதனால் இதையெல்லாம் நீ நினைத்தே பார்த்திருக்க மாட்டாய். எனக்கு ஒரு மூச்சில் ஐந்தாறு சொல்தான் வருகிறது. மிச்சத்துக்கு அடுத்த மூச்சு வரவேண்டும். அது வரும், வராமல் போகாது. வரும்வரை எதிரில் இருப்பவர் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சும்மா இருப்பது உன்னால் முடியவில்லை. டாக்டரிடம் போனாலும் அவர் கேட்பது என்னை, பதில் சொல்வது நீ. பலசரக்குக்காரர் "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டால்கூட, "இப்ப பரவால்லீங்க" என்று நீதான் சொல்கிறாய்.

நீ ஐந்தாவது படித்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கடைக்குக் கறி வந்த ஒரு காலையில் நான் ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் தண்ணீர் அண்டாவில் போட்டேன். ஈரல் முங்கியது. நுரையீரல் மட்டும் மேலே வந்து மிதந்தது. "ஏம்மா இது மட்டும் முங்கல?" என்று கேட்டாய். "உள்ள காத்து இருக்குது, அதான்" என்றேன். உடனே அதன் மூச்சுக்குழாயைப் பிடித்துப் பார்த்தாய். குழாய் முழுக்க வளையம் வளையமாகக் குருத்தெலும்பு. ஆனால் முழு வளையம் இல்லை, பின்பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் உணவுக்குழாய் ஒட்டிக்கொண்டு போகிறது, சோற்று உருண்டை இறங்கும்போது இடம் விட்டுக்கொடுக்க வேண்டுமே. பிறகு நான் தடுப்பதற்குள் அந்தக் குழாயில் வாயை வைத்து ஊதிவிட்டாய். நுரையீரல் வெளிறிய ரோஜா நிறத்தில் பொம்மென்று உப்பியது. டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நீ வாயை எடுத்ததும் அது தானாகவே சுருங்கிக்கொண்டது. உன் முதுகில் ஒன்று வைத்து, வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். அன்றைக்கு நான் பார்த்தும் புரிந்துகொள்ளாதது ஒன்று உண்டு. ஊதுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். சுருங்குவதற்கு நல்ல நுரையீரலுக்கு எந்த உழைப்பும் வேண்டாம். அது ரப்பர் மாதிரி தன் நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

என்னுடையது திரும்புவதில்லை. அதற்குக் காரணம் உனக்கும் தெரியும். தொப்பூர் கணவாயில் ஏறுகிற இறங்குகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் விடியலில் இருந்து விறகடுப்பில் சமைத்தேன். மழை நாளில் ஈர விறகு, தகரக் கூரை, புகை போக வழியில்லை. மூக்கில் முடி இருக்கிறது, ஈரம் இருக்கிறது. தூசியைப் பிடித்து, காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்பும். அதைத் தாண்டிப் போவதைத் துடைத்து மேலே தள்ள, குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அசைந்துகொண்டே இருக்குமாம். சளியையும் அழுக்கையும் தொண்டைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவைதான். நாள் முழுக்கப் புகை போனால் அவை படுத்துவிடும். பிறகு இருமல்தான் துடைப்பம். எனக்குக் காலை இருமல் வந்தபோது அடுப்படி வேலைக்கு இது சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பீடி பிடிக்கிறவர்களுக்கு வரும் நோய் பீடியைத் தொடாத எனக்கு வரும் என்று யார் நினைத்தது? டாக்டரே முதலில், "வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?" என்றுதான் கேட்டார். உன் அப்பா வெற்றிலைகூடப் போடாதவர்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் போன ஐப்பசியில் நான் கல்லாவிலேயே உதடு நீலமாகி உட்கார்ந்திருந்ததை நீதான் பார்த்தாய். நீதான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாய். அன்றிலிருந்து ஓசூரில் உன் கம்பெனியில் வேலை நடுவிலும் போன் செய்கிறாய். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பது போய் "நம்பர் எவ்ளோம்மா" என்று கேட்கிறாய். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற அந்தக் கிளிப்பில் தெரியும் எண்தான் இப்போது உன் அம்மா. எண் ஒன்று குறைந்தால், கையைச் சூடாக்கி மறுபடி வைக்கச் சொல்கிறாய். டாக்டர் சொல்லாமலே ஆக்சிஜன் மெஷின் ஒன்றை வாங்கி வந்து முன்னறையில் நிறுத்தினாய். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, செத்தவள் வீட்டுக்கு வந்த மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நான் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பூ வைக்கப் போன அன்று நீ செய்ததைப் பொறுக்க முடியவில்லை.

மொரப்பூரில் கயல் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். தட்டு மாற்றுவதற்கு முன் கயலின் அம்மா என்னைப் பார்த்து, மரியாதையாக, தயங்கித் தயங்கிக் கேட்டார். "சம்பந்தி, கல்யாணத்துக்கப்பறம் பொண்ணு எக்ஸ்ரே வேலைக்குப் போறதுல உங்களுக்கு ஒண்ணும்... உங்க எண்ணம் என்னன்னு தெரிஞ்சிக்கலாம்னுதாங்க." நான் சொல்ல வந்தது இதுதான்: "என்னப் பாத்துக்க வூட்டுல ஒரு ஆளு வேணும்னு இல்லீங்க, அவ வேலைய அவ பாக்கட்டும்." எனக்கு வந்தது, "என்னப் பாத்துக்க வூட்டுல ஒரு ஆளு வேணும்..." வரைக்கும்தான். அங்கே மூச்சு தீர்ந்தது. நீ பக்கத்திலிருந்து, "ஆமாங்கத்தை, அம்மாவால முடியறதில்ல. கயலு வூட்டோட இருந்துட்டா எனக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டாய். கூடத்தில் எல்லாரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். கயலின் அப்பா, "பெரியவங்க கேட்டா மறுப்பு ஏதுங்க" என்றார். நம் பேச்சில் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் கடைசியில்தானே வந்து சேர்கிறது? கடைசிவரை மூச்சு எட்டாதவள் என்ன செய்வாள்? என் 'வேண்டாம்' என்பதை நீ 'வேண்டும்' என்று ஆக்கிவிட்டாய். நான் கையை ஆட்டினேன். நான் விசிறி கேட்கிறேன் என்று யாரோ ஃபேனைக் கூட்டி வைத்தார்கள்.

திரும்பும்போது வாடகைக் காரில் சொல்லப் பார்த்தேன். "பேசாதம்மா, மூச்சு வாங்குது, வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் ஓசூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். அதற்கப்புறம் போனில் நான் பேச்சை எடுத்தபோதெல்லாம் நம்பரை மட்டும் கேட்டுவிட்டு வைத்தாய். பத்து நாள் கழித்து ஒரு மதியம் போன் செய்து, "கயலு வேலைய விடறேன்னு லெட்டர் குடுத்துட்டாம்மா, மாசக் கடைசியோட நின்னுடுவா, உனக்கு இனிமே கவல இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அன்றைக்கு நான் தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறிப்போனது. யாரோ ஒரு பெண் படித்து, நின்று, தனக்கென்று ஒரு வேலையைப் பிடித்து வைத்திருக்கிறாள். அதை என் பேரைச் சொல்லிப் பிடுங்கியாயிற்று. இனி ஆயுசுக்கும் அவள் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அதை நினைப்பாள். நானும் அதை நினைத்துக்கொண்டே சாப்பிட வேண்டும். இதில் உனக்கு என்ன நிம்மதி?

மறுநாள் கடையைச் செல்வியிடம் விட்டுவிட்டுத் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கயல் வேலை செய்யும் ஸ்கேன் சென்டர் தூரமில்லை, உனக்கு. நான் முதலில் பாத்திரக் கடையில் நின்று குக்கர் விலை கேட்டேன். பிறகு வளையல் கடை. பிறகு ஒரு செருப்புக் கடை. "என்ன சைஸுங்கம்மா?" என்று அந்தப் பையன் கேட்டபோது பதில் சொல்லவும் மூச்சில்லை. சூடான டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டே நின்றேன், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி. அப்படி ஊதினால் குழாய்கள் பாதியில் அடைத்துக்கொள்ளாமல் திறந்தே இருக்கும், உள்ளே தங்கியது வெளியே போகும். பையன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு உள்ளிருந்து கயலின் குரல் கேட்டது. "தாடைய மேல வெய்யுங்க தாத்தா. தோள முன்னால கொண்டாங்க. இப்ப மூச்ச நல்லா இழுங்க... இன்னும்... புடிச்சிக்கோங்க..." உள்ளே ஒரு பெரியவர் இருமினார். அவள் பேசவில்லை. அவர் இருமி முடிக்கும்வரை எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் அதே குரலில், கொஞ்சம்கூட அலுப்பில்லாமல், மறுபடி முதலிலிருந்து, "தாடைய மேல வெய்யுங்க தாத்தா." எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"அத்தை? தனியாவா வந்தீங்க? என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ வேலைய..." என்றேன். நின்றுவிட்டது. அவள் என் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. "விட்டுடுன்னு..." இன்னொரு மூச்சு. "நான் சொல்லல."

அவள் என்னை உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அங்கே நான் முழுதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு சொல்லைக்கூட அவள் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்துவிட்டது.

"அப்பறம் ஏங்கத்தை அன்னிக்கி சும்மா இருந்தீங்க? நீங்கதான் கண்டிசன் போடறீங்கன்னு எங்கம்மா அழுதுச்சு. நான் உங்கள எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுங்களா?"

"எனக்கு மூச்சு திரும்பறதுக்குள்ள..." என்றேன், "தட்ட மாத்திட்டாங்க கண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. நான் கையோடு கொண்டுபோயிருந்த என் எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சப் பலகையில் மாட்டினாள். ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேரும் பார்த்த அதே படம்தான். நமக்கு அது கறுப்பு வெள்ளை. நான் எப்போதும் என் நுரையீரல் சுருங்கி, காற்றே இல்லாமல் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்து மெஷின் வாங்கினாய்.

"சின்னதாவலீங்கத்தை, பெருசாயிருக்கு" என்றாள் கயல். "இந்தக் கறுப்பெல்லாம் காத்து. பாருங்க, எலும்புக்கு எலும்பு எவ்ளோ அகலமாப் போயிருக்கு. இது டயாஃப்ரம். நல்லா இருக்கறவங்களுக்குக் கவுத்து வெச்ச சட்டியாட்டம் இருக்கும். உங்களுக்குத் தோசக்கல்லாட்டம் தட்டையாயிடுச்சு. நடுவுல பாருங்க, இடமில்லாம இதயம் எப்படி ஒல்லியா நிக்குதுன்னு. உள்ள காத்து இல்லாம இல்லைங்க. பழைய காத்து வெளிய போவல. எறங்க வேண்டியவங்க எறங்கலன்னா பஸ்ல யாரு ஏறறது?"

நுரையீரலுக்குத் தனக்கென்று தசை இல்லையாம், கண்ணு. கீழே இருக்கும் அந்தச் சட்டி, உன் பள்ளிப் புத்தகத்தில் உதரவிதானம் என்று போட்டிருந்ததே, அது கீழே இறங்க வேண்டும், விலா விரிய வேண்டும். அப்போதுதான் உள்ளே இடம் உண்டாகிக் காற்று தானாக வரும். என்னுடையது ஏற்கெனவே இறங்கித் தட்டையாகக் கிடக்கிறது. இன்னும் எங்கே இறங்கும்? அதனால்தான் கழுத்தும் தோளும் சேர்ந்து இழுக்கின்றன. குழாய் கிளை கிளையாகப் பிரிந்து பிரிந்து, கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி நுண்ணிய பைகளில் முடிகிறது. அந்தப் பையின் தோல் அவ்வளவு மெல்லிசு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். பிராணவாயு அந்தப் பக்கம் போகிறது, கரியமிலவாயு இந்தப் பக்கம் வருகிறது. புகை அந்தப் பைகளின் சுவரைத் தின்று, பல சின்னப் பைகளைச் சில பெரிய பைகளாக ஆக்கிவிட்டது. ரப்பர் விட்டுப்போயிற்று. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மெஷினைப் பற்றிக் கேட்டேன். "டாக்டரக் கேக்காம தொடாதீங்கத்தை, இந்த நோவுக்கு அது அதிகமானாலும் ஆகாது" என்றாள். நீ பயத்தில் வாங்கினாய் என்று சொன்னேன். உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் தன் முதலாளியிடம் போய் லெட்டரைத் திரும்ப வாங்கிவிட்டாள். வேறு ஆள் போடவில்லை, அவர்களுக்கும் சந்தோஷம். அதை உன்னிடம் சொன்னாள். நீ அவளிடம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் கத்தினாய். "என்னக் கேக்காம நீ யாரும்மா அங்க போறதுக்கு?" என்றாய். நான் யார் என்பதை விடு. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உன் ஆசை, உன் கடமை, இரண்டும் நல்லதுதான். ஆனால் அதை உன் தோளிலிருந்து இறக்கி அவள் தோளில் வைத்துவிட்டு, ஓசூரில் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று நினைத்தாய். அதற்கு என் வாயை இரவல் வாங்கினாய். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான். எனக்கு ஆள் வேண்டியிருந்தால் நானே சொல்வேன். ஒருநாள் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. இப்போதைக்குச் செல்வி இருக்கிறாள், விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, கல்லாவில் உட்கார மூச்சு போதும். கடையை மூடச் சொல்லி இனி கேட்காதே.

கல்யாணத்துக்கப்புறம் எங்கே குடியிருப்பது, யார் எவ்வளவு தூரம் போய் வருவது என்பதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டியது. அதில் நான் வாய் வைக்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், இது புத்திமதிதான், வைத்துக்கொள். எதிரில் இருப்பவர் நிறுத்தினால் அது உனக்கு விட்ட இடம் என்று நினைக்காதே. நோயாளிகளுக்கு மட்டும் அல்ல, நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்கும் சில வாக்கியங்களைச் சொல்ல இரண்டு மூச்சு வேண்டும்.

கயல் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று பேச வேண்டும் என்றாள். என்ன என்று என்னிடம் சொன்னாள். "நீங்க சொல்லிடாதீங்கத்தை, நானே சொல்லிக்கறேன்" என்று கேட்டுக்கொண்டாள். சனிக்கிழமை மதியத்துக்குமேல் அவளுக்கு வேலை இல்லை, சென்டர் வாசலில் இருப்பாள். நல்லதா கெட்டதா என்று என்னிடம் போன் செய்து கேட்காதே, சொல்லமாட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போ. அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

அம்மா